முடிவு தெரிந்தவரும் தெரியாதவரும் சேர்ந்து ‘அந்த நாள்’ பார்ப்பதற்கு ஒரு வழிகாட்டி

மர்மப் படம் ஒன்றைத் தனியாக இரண்டாம் முறை பார்ப்பது வேறு. அதன் முடிவை அறியாத நாலைந்து பேரை அருகில் வைத்துக்கொண்டு இரண்டாம் முறை பார்ப்பது வேறு. முன்னதற்கு ஒரு திரையும் ஒரு நாற்காலியும் போதும். பின்னதற்கு முன்னேற்பாடும், கொஞ்சம் கண்டிப்பும், எல்லாவற்றுக்கும் மேலாக வாய்க்கட்டும் வேண்டும். 1954 ஏப்ரல் 13 அன்று வெளிவந்த ஏ.வி.எம். தயாரிப்பான ‘அந்த நாள்’ படத்தைப் பாளையங்கோட்டையிலுள்ள எங்கள் வீட்டில் இதுவரை மூன்று முறை குடும்பமாகக் கூடிப் பார்த்திருக்கிறோம். வீட்டுக்கு மருமகன் வருவதும் மருமகள் வருவதும் பிள்ளைகள் வளர்வதுமாக இருப்பதால், ஒவ்வொரு முறையும் படத்தை முன்பு பார்த்திராதவர் சிலராவது இருப்பர். முதல் முறை பாழாய்ப் போயிற்று. இரண்டாம் முறை பாதி தேறியது. சென்ற மே மாத விடுமுறையில், தங்கையின் ஒன்பது வயது மகன் முதல் எண்பது வயது ஆச்சி வரை பதினொரு பேர் பட்டாசலில், அதாவது வீட்டுக் கூடத்தில், அமர்ந்து பார்த்த மூன்றாம் முறைதான் நினைத்தபடி அமைந்தது. அந்த மூன்று இரவுகளில் கற்றதை வரிசைப்படுத்தி இங்கே எழுதுகிறேன். கொன்றவர் யார் என்பதை இக்கட்டுரை எந்த இடத்திலும் சொல்லாது. படம் பார்க்காதவரும் அச்சமின்றி இறுதிவரை படிக்கலாம்.

படத்தைத் தேர்ந்தெடுத்தல்

வீட்டார் கூடிப் பார்க்கும் மர்மப் படம், முடிவு தெரிந்த பின்னும் பார்க்கத் தகுந்ததாக இருக்க வேண்டும். அதோடு, ‘அப்போ யாருதான் செஞ்சா?’ என்று சிறுவர்கள் கேட்கும்போது படமே ஐயமற்ற விடையைத் தந்திருக்க வேண்டும். ‘அந்த நாள்’ இவ்விரண்டிலும் தேறும். 1943 அக்டோபரில் ஜப்பானியர் சென்னை மீது குண்டு வீசிய நாளை ஒட்டிக் கதை தொடங்குகிறது. ராஜன் என்னும் வானொலிப் பொறியாளர் தம் வீட்டில் சுடப்பட்டு இறக்கிறார். அந்த ராஜன்தான் சிவாஜி கணேசன். ‘பராசக்தி’ வெளியாகி இரண்டாண்டுகூட நிறையாத நேரத்தில், அவரைப் பார்ப்பதற்கென்றே டிக்கெட் வாங்கி வந்த கூட்டத்தின் முன்னால், படம் தொடங்கியவுடனே நாயகனைச் சாகடித்த துணிவை இன்று எண்ணினாலும் வியப்பாக இருக்கிறது. அதைச் செய்த இயக்குநர் எஸ். பாலசந்தருக்கு அப்போது வயது 27. வீணை பாலசந்தர் என்று பின்னாளில் உலகம் அறிந்தவர் இவரே. ஆனால் தாம் இயக்கிய இந்தப் படத்தில் ஒரு பாட்டுக்கூட வைக்கவில்லை. நடனமும் இல்லை. திரைக்கதையும் உரையாடலும் எழுதிய ஜாவர் சீதாராமனே, கொலையை விசாரிக்கும் சி.ஐ.டி. அதிகாரி சிவானந்தமாகவும் நடித்திருக்கிறார்.

அவர் விசாரிப்பது ஐந்து பேரை. பக்கத்து வீட்டுச் சின்னையா பிள்ளை, ராஜனின் தம்பி பட்டாபி, பட்டாபியின் மனைவி ஹேமா, அம்புஜம் என்ற பெண், ராஜனின் மனைவி உஷா. ஒவ்வொருவரும் தாம் கண்ட ராஜனைப் பற்றிச் சொல்ல, அவரவர் சொல்வது காட்சியாக விரிகிறது. ஒருவரின் சொல் இன்னொருவர் மீது ஐயத்தைக் கிளப்புகிறது. அகிரா குரோசாவாவின் ‘ரஷோமோன்’ பாதிப்பில் எடுக்கப்பட்டது என்று எப்போதும் சொல்வார்கள். அந்த ஒப்பீட்டில் ஒரு வேறுபாட்டை மறந்துவிடக் கூடாது: ஜப்பானியப் படம் உண்மையை எட்டாமலே முடிகிறது, இதுவோ உண்மையை நம் கையில் கொடுத்துவிட்டுத்தான் முடிகிறது. குழந்தைகள் உள்ள வீட்டுக்கு இந்த வேறுபாடு பெரிது.

பெற்றோருக்கு ஒரு முன்னறிவிப்பு: திருமணத்துக்குப் புறம்பான உறவு ஒன்று கதையில் உண்டு. அது நாசூக்காகவே கையாளப்பட்டிருக்கிறது. எங்கள் வீட்டுச் சிறுவர்கள் அதைப் பொருட்படுத்தவே இல்லை. இரத்தக் களரி கிடையாது. பாட்டில்லாததில் ஒரு வீட்டு நன்மையும் இருக்கிறது. பழைய படம் ஓடும்போது பாட்டு வந்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டு வருவது நம் வழக்கம். இந்தப் படத்தில் எழுந்து போக இடமே கிடைக்காது என்பதை வீட்டுப் பெண்களிடம் முன்னரே சொல்லி, சமையல் வேலை முழுவதையும் படத்துக்கு முன்பே, ஆண்களையும் சேர்த்துக்கொண்டு, முடித்துவிட வேண்டும்.

நடத்துபவர் முதலில் தனியே பார்த்தல்

கூட்டத்தைக் கூட்டுபவர் யாரோ அவர், குறித்த நாளுக்கு ஒரு வாரம் முன்பாவது படத்தைத் தனியே ஒரு முறை பார்த்துவிட வேண்டும். ‘எனக்குத்தான் தெரியுமே’ என்று இதைத் தவிர்ப்பவரே பிறகு இருட்டில் ரிமோட்டைத் தேடுவார். படம் ஏறத்தாழ இரண்டேகால் மணி நேரம். இடைவேளையை எங்கே விடலாம், எந்த உரையாடல் வேகமாகப் போகிறது, எந்த இடத்தில் சிறுவருக்கு ஒரு வரி விளக்கம் தேவைப்படும் என்பவற்றை நிமிடக் கணக்கோடு ஒரு தாளில் குறித்துக்கொள்ளவும். அந்தத் தாளை யார் கையிலும் சிக்காமல் வைக்கவும். இரண்டாம் முறை எங்கள் ஏற்பாடு பாதி கெட்டதற்கு, நான் குறித்து வைத்த தாளைச் சித்தி மளிகைச் சீட்டென்று நினைத்து உரக்கப் படித்ததுதான் காரணம்.

வாய்க்கட்டு

முதல் முறை பாழானது எப்படி என்பதைச் சொல்லித்தான் இந்தப் பகுதியைத் தொடங்க வேண்டும். படம் தொடங்கிப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். சின்னையா பிள்ளை பேசிக்கொண்டிருந்தார். எங்கள் அத்தான் ஒருவர், நல்ல மனிதர், ஊர்த் திருவிழாவில் நாடகம் போட்டவர், முறுக்கைக் கடித்துக்கொண்டே, “இவன் இல்ல வே, பாவம்” என்றார். கொலையாளியின் பெயரை அவர் சொல்லவில்லை. ஆனால் அடுத்தவர் திரையில் வந்தபோதும், அதற்கடுத்தவர் வந்தபோதும் எல்லாருடைய கண்ணும் அத்தான் முகத்துக்கே போயிற்று. அவர் யாரைப் பார்த்தபோது பேசாமல் இருந்தார் என்பதிலிருந்து என் மைனி பத்தே நொடியில் விடையைக் கண்டுபிடித்துவிட்டார். மர்மத்தைக் கெடுப்பதற்குப் பெயரை உளறத்தான் வேண்டுமென்பதில்லை. ஒரு பெருமூச்சோ, ஒரு கனைப்போ, தக்க சமயத்தில் வரும் ஒரு மௌனமோ போதும் என்பதை அன்று கற்றோம்.

ஆகவே, யாருக்கு முடிவு தெரியும், யாருக்குத் தெரியாது என்பதை இரண்டு நாள் முன்பே ஒவ்வொருவராகக் கேட்டுத் தெரிந்துகொள்ளவும். பொதுவில் கேட்கக் கூடாது. ‘எனக்குத் தெரியுமே, அந்த இவங்கதானே’ என்று அங்கேயே உடைந்துவிடும். தெரிந்தவர்களைத் தனியே தார்சாவுக்கு (வீட்டுத் தாழ்வாரத்துக்கு) அழைத்து மூன்று தடைகளைச் சொல்லவும். யாரையும் குற்றமற்றவர் என்று சொல்லக் கூடாது. ‘இந்த இடத்தை நல்லா பாரு’ என்று சுட்டக் கூடாது. தெரியாதவர் ஊகம் சொல்லும்போது சிரிக்கவோ தலையாட்டவோ கூடாது. மூன்றாவதுதான் கடினம். அதனால் எங்கள் வீட்டில் முடிவு தெரிந்தவர்களுக்கெல்லாம் பின்வரிசைதான். தெரியாதவர் திரும்பிப் பார்த்தாலொழிய அவர்கள் முகம் தெரியாது. அத்தானுக்கு மூன்றாம் முறை சுவரோரம், அதுவும் தூணுக்குப் பின்னால் இடம் ஒதுக்கினோம். அவர் அதைப் பட்டமாகவே ஏற்றுக்கொண்டார்.

இணையத்தையும் ஒரு வாயாகவே கணக்கிட வேண்டும். படத்தின் பெயரைத் தேடினாலே, கதைச் சுருக்கத்தின் கடைசி வரியிலோ, காணொளிக்குக் கீழே எழுதுபவரின் பெருமையிலோ, முன்படத்திலோ விடை வெளியாகிவிடலாம். சிறுவர்களிடம் படத்தின் பெயரைக் கடைசி நாள்வரை சொல்லாமலிருப்பது நல்லது. கைப்பேசியிலிருந்து தொலைக்காட்சிக்கு அனுப்புவதாயின், எல்லாரும் வந்து அமர்வதற்கு முன்பே படத்தைத் திறந்து, முதல் காட்சியில் நிறுத்தி வைத்துவிட வேண்டும்.

முடிவு தெரிந்தவருக்கு என்ன மிச்சம்?

வாய்க்கட்டு விதித்தால், ‘அப்போ நாங்க எதுக்கு உக்காரணும்?’ என்று பின்வரிசையினர் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. இதற்கு ஆல்ஃபிரட் ஹிட்ச்காக், பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவிடம் சொன்ன விளக்கத்தைவிடச் சிறந்த விடை எனக்குத் தெரியவில்லை. இருவர் மேசையருகே அமர்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். மேசைக்கடியில் வெடிகுண்டு இருப்பது நமக்குத் தெரியாது. அது வெடித்தால் 15 நொடி அதிர்ச்சி. குண்டு இருப்பது நமக்கு மட்டும் முன்பே தெரிந்திருந்தால், அந்தச் சாதாரணப் பேச்சே 15 நிமிடத் தவிப்பாகிவிடும். அதாவது, முன்வரிசையினருக்குக் கிடைப்பது அதிர்ச்சி. பின்வரிசையினருக்குக் கிடைப்பது தவிப்பு. பின்வரிசையில் இருப்பவர் எதையும் இழக்கவில்லை. அவர் பார்ப்பது வேறொரு படம்.

2011-இல் அமெரிக்காவின் சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வொன்றில், முடிவை முன்னரே சொல்லிவிட்டுச் சிறுகதைகளைப் படிக்கக் கொடுத்தபோது, வாசகர்கள் அவற்றை முன்பைவிட மிகுதியாகவே ரசித்ததாகத் தெரிந்தது. இதை அத்தான் எங்கிருந்தோ படித்துவிட்டு வந்து, தாம் அன்று செய்தது தொண்டே என்று வாதிட்டார். ஆய்வு பிழையென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அது தனியே அமர்ந்து கதை படித்தவர்களைப் பற்றியது. பதினொரு பேர் அமர்ந்த பட்டாசலில், ஒருவருக்குத் தெரிவது இன்னொருவருக்குத் தெரியாதிருப்பதிலேயே பாதிச் சுவை அடங்கியிருக்கிறது. எல்லாருக்கும் சொல்லிவிட்டால் அந்த ஏற்றத்தாழ்வு போய்விடும்.

பிரதியும் தொலைக்காட்சியும்

பழைய படங்களின் பதிவேற்றங்களில் குறைபட்டவை மிகுதி. உரிமையாளரோ, உரிமை பெற்ற தளமோ வெளியிட்ட பதிப்பையே தேர்ந்தெடுக்கவும். எந்தப் பதிப்பாயினும் முதலில் அதன் நீளத்தைப் பார்க்கவும். இரண்டு மணிக்கும் குறைவாக இருந்தால் எங்கோ வெட்டுப்பட்டிருக்கிறது என்று பொருள். 35 மில்லிமீட்டர் படச்சுருள் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 1,000 அடி கொண்ட ஒரு ரீல் பதினோரு நிமிடம் வரும். ஒரு ரீல் காணாமற் போனால் ஒரு சாட்சியின் வாக்குமூலம் பாதி காணாமற் போகும். மர்மப் படத்துக்கு அது ஒரு பல் போவதைப் போலன்று, தாடையே போவதைப் போன்றது. நடுவில் நாலைந்து இடங்களில் ஓடவிட்டு, உதட்டசைவும் ஒலியும் பொருந்துகின்றனவா என்பதையும் பார்த்துக்கொள்ளவும்.

அடுத்தது படத்தின் வடிவம். 1954-ஆம் ஆண்டுப் படம் ஏறத்தாழ நான்குக்கு மூன்று என்ற அளவில் எடுக்கப்பட்டது. இன்றைய தொலைக்காட்சியோ பதினாறுக்கு ஒன்பது. சரியான அளவில் ஓடினால் திரையின் இரு பக்கமும் கறுப்புப் பட்டைகள் நிற்கும். 43 அங்குலத் தொலைக்காட்சியின் அகலம் சுமார் 37 அங்குலமென்றால், அதில் 28 அங்குலத்தில்தான் படம் தெரியும். ‘காசு குடுத்து வாங்கின டிவில கால்வாசி சும்மா கெடக்கே’ என்று யாரேனும் சொல்லி, திரை முழுதும் நிரம்பும்படி மாற்றச் சொல்வார்கள். மாற்றக் கூடாது. இழுத்தால் சிவாஜியின் முகம் பூசணியாகும். பெரிதாக்கினால் மேலும் கீழும் வெட்டுப்படும். ஒளிப்பதிவாளர் மாருதி ராவ், நிழலை எங்கே விழவிட வேண்டும் என்று கணக்கிட்டுக் கட்டிய சட்டகங்கள் அவை. இருண்ட மூலையில் ஒரு முகம் பாதி மட்டும் தெரியும் காட்சியில் அந்த மூலையையே வெட்டி எறிந்துவிட்டுப் படம் பார்ப்பதில் பொருளில்லை.

தொலைக்காட்சியின் அமைப்புகளுக்குள் போய் ‘விவிட்’ என்றிருப்பதை ‘சினிமா’ அல்லது ‘மூவி’ என்று மாற்றவும். கறுப்பு வெள்ளைப் படம் நீலம் பாரித்துத் தெரிந்தால் வண்ண வெப்பத்தை ‘வார்ம்’ பக்கம் நகர்த்தவும். நிறச் செறிவைச் சுழியாக்கினாலும் கேடில்லை. அசைவை மென்மையாக்கும் வசதி ஒன்று ஒவ்வொரு நிறுவனத்தின் தொலைக்காட்சியிலும் வெவ்வேறு பெயரில் இருக்கும். அதைத் தேடி அணைத்துவிட வேண்டும். நொடிக்கு 24 சட்டகங்களாக எடுத்த படத்துக்கு நடுவே அது தானாகப் புதிய சட்டகங்களைச் செருகுவதால், பழைய படம் நேற்று எடுத்த மெகா சீரியல்போல வழுக்கிக்கொண்டு ஓடும். வெளிச்சத்தை மட்டும் பகலில் சரிபார்க்காமல், இரவில் விளக்கணைத்த பிறகே சரிசெய்யவும்.

ஒலிதான் நம் ஊரில் பெரிய சிக்கல். அக்காலத்துப் பதிவு ஒற்றைத் தடத்தில் அமைந்தது, பேச்சோ வேகமானது. மே மாதத்தில் பாளையங்கோட்டையில் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதினொரு பேர் ஓர் அறையில் இருக்க முடியாது. விசிறியை ஓடவிட்டால் கடகடவென்ற ஒலியில் பாதி வசனம் போய்விடும். நாங்கள் கண்ட வழி இது: உச்சி விசிறியைக் குறைந்த வேகத்தில் வைத்து, தார்சாப் பக்கமிருந்து ஒரு மேசை விசிறியை உள்நோக்கி ஓடவிட்டோம், சவுண்ட்பாரில் அடித்தொனியைக் குறைத்து, பேச்சைத் துலக்கும் அமைப்பைத் தேர்ந்தெடுத்தோம். ஆச்சியின் நாற்காலியைத் திரைக்கு அருகே, ஒலி வரும் பக்கத்தில் போட்டோம். ஜூன், ஜூலையில் தென்காசிப் பக்கம் சாரல் விழும்போது காற்று இங்குவரை குளிர்ந்து வரும். விசிறித் தொல்லை குறையும். ஆனால் பள்ளி திறந்துவிடும், பிள்ளைகள் கிடைக்கமாட்டார்கள்.

நேரமும் தீனியும்

இரவுச் சாப்பாட்டை ஏழரைக்குள் முடித்து எட்டு மணிக்குத் தொடங்கினால், இடைவேளையும் பேச்சும் சேர்த்துப் பதினொன்றரைக்குள் முடியும். கனமான சாப்பாடு வேண்டாம். நாங்கள் ஒருமுறை மத்தியானம் சொதியும் இஞ்சிப் பச்சடியுமாக ஒரு பிடி பிடித்துவிட்டு இரண்டு மணிக் காட்சி வைக்கலாமா என்று யோசித்தோம். தேங்காய்ப்பால் இறங்கிய வயிற்றோடு யாரும் கொலையாளியைத் தேடமாட்டார்கள் என்று பெரியம்மை தடுத்துவிட்டார்.

தீனியில் ஒரே விதி, அது ஒலி எழுப்பக் கூடாது. முறுக்கு, காராச்சேவு, கோவில்பட்டிக் கடலை மிட்டாய் எல்லாம் இடைவேளைக்குத்தான். படம் ஓடும்போது அல்வா வைக்கலாம். இலையில் வைத்துக் கொடுத்தால் பிளாஸ்டிக் உறை சரசரக்கும் தொல்லையும் இல்லை. ஒரு கடம்பூர்ப் போளியும் அதே வகையில் சேரும். கருப்பட்டிக் காப்பியைப் பெரிய பிளாஸ்கில் ஊற்றி ஆச்சியின் காலடியில் வைத்துவிட்டால் யாரும் எழ வேண்டியதில்லை.

மின்வெட்டு வந்தால் இன்வெர்ட்டர் தொலைக்காட்சியைத் தாங்குமா, வைஃபை மோடம் அதில் இணைக்கப்பட்டிருக்கிறதா என்பதை முன்னமே பார்க்கவும். வாய்ப்பிருந்தால் படத்தை முறைப்படி தரவிறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

தொடங்குமுன் பத்து நிமிடம்

இந்தப் பத்து நிமிடத்தைத் தவிர்த்தால் சிறுவர்கள் முதல் அரைமணி நேரத்தில் கழன்றுவிடுவார்கள். 1943 என்றால் என்ன என்பதை அவர்களுக்குச் சொல்ல வேண்டும். அதுவும் பாடம்போல் இல்லாமல், வீட்டிலுள்ள மூத்தவர் வாயால். 1942 ஏப்ரலில், ஜப்பானியர் வந்துவிடுவார்கள் என்ற அச்சத்தில் சென்னை நகரம் பெருமளவு காலியாயிற்று. இன்றியமையாப் பணியில் இல்லாதவர்கள் வெளியேறும்படி அரசே அறிவுறுத்தியது. அது ஆச்சி பிறப்பதற்கு முன்பு நடந்தது. ஆனால் சென்னையிலிருந்த உறவினர்கள் தட்டுமுட்டுச் சாமான்களோடு திருநெல்வேலி வந்திறங்கி, வளவு வீட்டில் ஒரே அடுப்பில் மூன்று குடும்பம் சமைத்த கதையை அவர் தம் தாயிடம் கேட்டிருக்கிறார். “பட்டணத்துக்காரங்க வந்து நம்ம கெணத்துல தண்ணி வத்திப்போச்சாம்லா” என்று அவர் சொன்னபோது பிள்ளைகள் போரை முதன்முறையாகப் புரிந்துகொண்டார்கள். அதற்கும் முன்னால், 1914 செப்டம்பரில் ஜெர்மானியக் கப்பலான எம்டன் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசியதையும் சேர்த்துச் சொல்லலாம். ‘அவன் சரியான எம்டன்’ என்று நாம் இன்றும் சொல்வது அந்தக் கப்பலை வைத்துத்தான் என்பது தெரிந்ததும் பையன் தன் அக்காளை இரண்டு முறை அப்படி அழைத்துப் பார்த்தான்.

வானொலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ராஜன் வானொலிப் பொறியாளர் என்பது ஏன் சாதாரண விஷயமில்லை என்பதை இக்காலத்துப் பிள்ளைகள் தாமாக அறியமாட்டார்கள். அன்று வானொலிப் பெட்டி வைத்துக்கொள்ளவே லைசென்ஸ் வேண்டும். தபால் நிலையத்தில் ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும். சென்னை நிலையம் 1938-இலும் திருச்சி நிலையம் 1939-இலும் தொடங்கின. நம் திருநெல்வேலிக்கு நிலையம் வந்ததோ 1963-இல்தான். போர்க்காலத்தில் செய்தி என்பது அந்தப் பெட்டியின் வழியாக வந்தது. இவ்வளவு போதும். இதற்கு மேல் சொன்னால் கதையைத் தொட்டுவிடும்.

பிறகு விளக்கையெல்லாம் அணைக்கவும். போர்க்காலத்தில் விமானத் தாக்குதலுக்கு அஞ்சி விளக்குகளை மறைத்து இருட்டடிப்பு செய்ததைச் சொல்லியே அணைத்தால், சிறுவர்கள் அடுத்த அறை விளக்கையும் தாங்களே ஓடிப்போய் அணைத்துவிட்டு வருவார்கள்.

படம் ஓடும்போது

கைப்பேசிகள் அனைத்தும் ஒரு கூடையில். படத்தை ஒரே ஒரு முறைதான் நிறுத்த வேண்டும். யாரோ ஒருவர் விசாரிக்கப்பட்டுப் பேசி முடித்து, அடுத்தவர் தொடங்குமுன் உள்ள இடைவெளியே அதற்கு ஏற்றது. ஒருவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது நடுவில் நிறுத்தினால் அவர் பார்வையின் பிடி நழுவிவிடும். எங்கள் கணக்கில் மூவர் சொல்லி முடித்த இடம் பொருத்தமாக வந்தது.

இடைவேளையில் முன்வரிசையிலுள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்து, தாம் ஐயுறும் பெயரையும் ஒரே ஒரு காரணத்தையும் எழுதி மடித்து ஒரு செம்பில் போடச் சொல்லவும். காரணம் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் முகத்தைப் பார்த்து எழுதிவிடுவார்கள். வாய்விட்டு ஊகம் சொல்வதைவிட இது மேலானது. வீட்டில் உரக்கப் பேசுபவரின் ஊகமே எல்லாருடைய ஊகமாகிவிடும் கேட்டை இது தடுக்கிறது. எழுதத் தெரியாத வாண்டுகள் காதில் சொல்லலாம், ஆச்சி எழுதிக்கொடுப்பார்.

பின்வரிசையினருக்கும் வேலை உண்டு. சிவாஜியைத் தொடர்ந்து கவனிக்கும்படி அவர்களிடம் சொல்லியிருந்தேன். ராஜன் ஒருவன்தான், ஆனால் சொல்பவர் மாறும்போது ராஜனும் மாறுகிறான். அவன் நிற்பதும், குரலின் ஏற்ற இறக்கமும், எதிரே இருப்பவரைப் பார்க்கும் விதமும், சொல்பவரின் மனத்துக்கேற்ப வேறுபடுகின்றன. முதல் முறை பார்க்கும்போது இவற்றைக் கதை என்று எடுத்துக்கொண்டு கடந்துவிடுகிறோம். இரண்டாம் முறைதான், நாம் பார்ப்பது நடந்ததையா, ஒருவர் நடந்ததாகச் சொல்வதையா என்ற கேள்வி ஒவ்வொரு காட்சியிலும் எழுகிறது. கொன்றவர் யார் என்பது தெரிந்துவிட்ட பிறகு, கொல்லப்பட்டவன் யார் என்பதே படத்தின் உண்மையான மர்மமாகி நிற்கிறது. என் கணிப்பில் இந்தப் படம் எழுபது ஆண்டு கடந்தும் தேயாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இதில் நடித்த பண்டரிபாயின் முகத்தையும், ஜாவர் சீதாராமன் கேள்வி கேட்கும் முறையையும் கவனிக்கலாம். அவர் கத்துவதில்லை, மேசையைத் தட்டுவதில்லை. எதிரே இருப்பவரைப் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார். மூன்றாம் முறையில்தான், ஒவ்வொரு பேச்சின் முடிவிலும் அவர் எதை நம்பினார், எதை நம்பவில்லை என்று ஊகித்துப் பார்க்கத் தோன்றியது. பாட்டில்லாத படத்தில் அமைதிக்கு எவ்வளவு எடை இருக்கிறது என்பதையும் அப்போதுதான் உணர்ந்தேன்.

ஆச்சி இந்தப் படத்தை வெளியான காலத்திலேயே டவுணில் பார்த்தவர்; அப்போது எட்டு வயதுக்குழந்தை. கதை அவருக்கு நினைவில்லை. பக்கத்தில் இருந்தவர் ‘பாட்டு எப்போ வரும்’ என்று கேட்டுக்கொண்டே இருந்தது மட்டும் நினைவிருக்கிறது. அன்று வசூலில் இந்தப் படம் பெரிதாக எதையும் சாதிக்கவில்லை என்பதற்கு அந்தக் கேள்வியே போதிய விளக்கம். ஆகவே ஆச்சியை எந்த வரிசையில் அமர்த்துவது என்பதில் எங்களுக்குக் குழப்பம் வந்தது. பார்த்தவர், ஆனால் தெரியாதவர். முன்வரிசையிலேயே அமர்த்தினோம்.

முடிந்த பிறகு

உடனே விளக்கைப் போடக் கூடாது. ஒரு நிமிடம் அப்படியே விடவும். பிறகு செம்பைக் கவிழ்த்துச் சீட்டுகளை வாசிக்கவும். சரியாகச் சொன்னவரைவிடத் தவறாகச் சொன்னவரின் காரணத்தை முதலில் கேட்டால் பேச்சு நன்றாக விரியும். எங்கள் செம்பில் ஆறு சீட்டுகள் இருந்தன, ஒன்றுதான் சரி. அது மைனியுடையது அன்று. அவர் பின்வரிசைக்குப் போய்விட்டார். சரியான பெயரை எழுதியவர் ஆச்சி. காரணம் என்ற இடத்தில், “அன்னைக்கும் இப்படித்தான் தோணிச்சு” என்று எழுதியிருந்தார்.

கொலைக்கு நியாயம் உண்டா என்ற வாதம் தானாகவே எழும். நடத்துபவர் அதில் தீர்ப்புச் சொல்லக் கூடாது. பன்னிரண்டு வயதைக் கடந்த பிள்ளைகளிடம் ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேட்டு விட்டுவிடலாம்: ‘ஐந்து பேரும் சொன்ன ராஜன்களில் நீ பக்கத்து வீட்டில் வைத்துக்கொள்ள விரும்புவது யாரை?’ தங்கையின் மகள் இதற்கு விடை சொல்ல மறுநாள் காலைவரை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் முதல் 15 நிமிடத்தை மட்டும் மீண்டும் ஓடவிட வேண்டும். இந்தப் படியைத் தவறவிடாதீர்கள். இதற்காகத்தான் முந்தைய இரவு முழுவதும். முன்வரிசையினர் இப்போது பின்வரிசையினராகி இருப்பார்கள். ராஜன் சுடப்படும் காட்சியில் என்ன காட்டப்படவில்லை என்பதைப் பிள்ளைகள் தாமாகவே கண்டுபிடித்துக் கத்துவார்கள்.

இதே இயக்குநரின் ‘பொம்மை’யையோ (1964) ‘நடு இரவில்’ படத்தையோ (1970) அடுத்த கூட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் ஒரே வாரத்தில் வைக்க வேண்டாம். ஒன்றில் பழகிய ஐயம் மற்றொன்றில் எல்லாரையும் சந்தேகிக்கச் செய்துவிடும்.

எங்கள் வீட்டுக்குப் புதிய மருமகள் ஒருவர் இந்த ஆவணியில் வருகிறார். அவர் படம் பார்த்ததில்லை என்பதைத் தனியே விசாரித்து உறுதி செய்துகொண்டோம். பொங்கல் விடுமுறைக்குத் தேதி குறித்தாயிற்று. தங்கையின் மகனுக்கு அப்போது பத்து வயதாகியிருக்கும். தூணுக்குப் பின்னால், அத்தான் பக்கத்தில் அவனுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறோம். வாயை எப்படி மூடி வைப்பது என்று இப்போதிருந்தே அத்தானிடம் பாடம் கேட்டுக்கொண்டிருக்கிறான்.